ஊசியா, அந்தோனியாரா

மார்ச் 1, சனி

காலைச் சர்க்கரை 112. எடை 81 கிலோ 400. இட்லி இரண்டு வைத்தேன், என் வீட்டுக்காரர் ஒன்றரை தின்றார். மீன் குழம்புப் பக்கம் கையே நீளவில்லை. குடிக்காத நாள்: 27.

இன்று எட்டாவது ஊசி. அவருடைய அக்கா பிரகாசி மைனி ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். மஸ்கட்டில் இருபத்திரண்டு வருடம் நர்சு வேலை பார்த்துவிட்டு வந்து, இரண்டு தெரு தள்ளி வீடு கட்டியிருக்கிறாள். சர்க்கரைக்கு வாரம் ஒரு தடவை போடுகிற இந்த ஊசியை டாக்டரிடம் பேசி எழுதி வாங்கியவள் அவள்தான். பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். ஒரு பேனாவில் நாலு வாரத்து மருந்து. வயிற்றுச் சதையைப் பிடித்துக் குத்தி, பத்து வரை எண்ணி எடுத்தாள்.

"எப்படில இருக்கு எங் ஊசி?"

"பச்சத்தண்ணி மாதிரி இருக்குக்கா. டூட்டி முடிஞ்சு வாரப்ப கடைப் பக்கம் கண்ணுகூட திரும்ப மாட்டேங்கு."

"எங் ஊசி" என்றாள். அப்படியே எழுதி வைக்கிறேன்.

பழைய பேனா இன்றோடு தீர்ந்தது. புதுப் பேனாவை என் கையில் கொடுத்து, "ஃப்ரிட்ஜ் கதவுல வச்சிரு மெற்றில்டா" என்றாள். "எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் ஆகாதா?" என்று அவளே கேட்டுவிட்டு, அவரைப் பார்த்தாள். "மெற்றி வச்சா பத்திரமா இருக்கும்க்கா. ஒரு பொட்டுகூட விட மாட்டா" என்றார் அவர்.

பொட்டு விட மாட்டேன்தான். டாக்டருக்குக் காட்டுகிற நோட்டிலும் இன்றுவரை ஒரு நாள் விட்டுப் போனதில்லை. அது வேறு நோட்டு. இது எனக்கு.

மார்ச் 2, ஞாயிறு

எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் இன்று எங்கள் வீட்டில். பதினாலு பேர். ஜெபம் முடிந்து சுக்குக் காப்பி கொடுக்கும்போது பேச்சு அவரைப் பற்றித் திரும்பியது. தஸ்நேவிஸ் அண்ணாச்சி ஒரு மாதமாகக் குடிக்கவில்லையாமே என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து நின்று, "எல்லாம் எங்க அக்கா புண்ணியம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மைனி சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, "எனக்கு என்ன தெரியும், எல்லாம் ஆண்டவர்" என்று சொன்னாள். ஆனால் இரண்டாம் தடவை யாராவது கை தட்ட மாட்டார்களா என்று காத்துக்கொண்டுதான் சொன்னாள்.

காப்பி போட்டது நான். தம்ளர் கழுவியதும் நான்.

பத்தொன்பது வருடமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் மதியம் வரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அந்தோனியாரின் குகைக்கோயிலான கெபிக்கு நடந்து போகிறேன். அவர் குடியை விட்டால் உவரி அந்தோனியார் கோயிலில் நூறு பேருக்குச் சோறு ஆக்கிப் போடுகிறேன் என்று நேர்ந்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அதை அசனம் என்போம். நேர்ந்தவர்தான் முதல் இலைக்கு முதல் கரண்டி போட வேண்டும்.

எல்லாரும் போன பிறகு சொன்னார்: "ஈஸ்டர் முடிஞ்ச செவ்வாக்கிழம உவரில அசனத்த வச்சிருவோம்ட்டி."

எனக்குக் கண் நிறைந்து விட்டது.

"முதக் கரண்டிய அக்கா போடட்டும். அவதான காரணம்" என்றார்.

சரி என்று சொன்னேன். வேறென்ன சொல்வது?

மார்ச் 4, செவ்வாய்

கெபிக்குப் போய் வந்தேன். காலில் கொப்புளம். வந்து கேட்டைத் திறந்தால், அவர் டூட்டி முடிந்து வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முன்னெல்லாம் தெருமுனையிலேயே, "ஏட்டி மெற்றி, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று சத்தம் கேட்கும். வந்த காலோடு அடுப்படிக்குள் நுழைந்து ஒவ்வொரு சட்டியாக மூடியைத் தூக்கிப் பார்ப்பார். குடித்துவிட்டு வந்த நாளிலும் பார்ப்பார். இப்போது சட்டியைத் திறப்பது நான் ஒருத்திதான்.

சாயங்காலம் போனில் இந்த மருந்தைப் பற்றித் தேடினேன். தமிழில் கிடைக்காததை அகராதி வைத்துக்கொண்டு இங்கிலீஷில் படித்தேன். பத்தாவதோடு நின்றவள்தான், ஆனாலும் விட மாட்டேன். புரிந்ததை எழுதுகிறேன்.

சாப்பிட்டதும் நம் குடலே ஒன்றைச் சுரக்கிறது. அந்த இனத்துக்குப் பெயர் பெப்டைடு. அமினோ அமிலம் என்கிற மணிகளை வரிசையாகக் கோத்த சின்ன மாலை. என்ன மணி, எந்த வரிசை என்பதுதான் அது செய்கிற வேலை. இந்த மாலைக்கு முப்பது மணி, முப்பத்தொரு மணி. குடலில் சுரப்பது இரண்டு நிமிடத்தில் அறுந்து போகும். ஊசியில் இருப்பது மணியை மாற்றிக் கோத்தது. சட்டென்று அறாது. பாதி குறையவே ஒரு வாரம் ஆகும்.

அது கணையத்திடம் இன்சுலினை விடச் சொல்கிறது. வயிற்றிடம் மெதுவாகப் போகச் சொல்கிறது. மூளையிலும் அதன் பேச்சைக் கேட்கிற இடங்கள் இருக்கின்றன. அங்கே டோபமின் என்று ஒன்று. வேணும், வேணும் என்று ஆளைச் சட்டையைப் பிடித்து இழுப்பது அதுதானாம். குழம்பு வாசத்துக்கு ஏறும். பாட்டில் மூடி திருகுகிற சத்தத்துக்கும் ஏறும். எலிகளுக்கு இந்த மாதிரி மருந்தைக் கொடுத்துச் சாராயத்தை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், அந்த ஏற்றம் அடங்கி விடுகிறதாம். மனிதர்களிடம் சின்னச் சின்னச் சோதனைகள்தான் நடந்திருக்கின்றன. குடிக்கென்று இதை எழுதித் தருவதில்லை. டாக்டரும் போன மாதம் அதைத்தான் சொன்னார்: "சில பேருக்கு அப்படியும் ஆகுதும்மா. உங்க வீட்டுக்காரருக்கு ஆயிருக்கு. நல்லதுதானே."

நல்லதுதான்.

குழம்புக்கு ஒரு வாசல், பாட்டிலுக்கு ஒரு வாசல் என்று தனித்தனியாக இருந்தால் எவ்வளவு வசதி.

பேனாவோடு வந்த தாளையும் முழுக்கப் படித்தேன். வெயில் படக் கூடாது. உறைந்து போனால் வேலை செய்யாது, உருகின பிறகும் போடக் கூடாது, எறிந்துவிட வேண்டும். அந்த வரிக்கு அடிக்கோடு போட்டு வைத்தேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

தவக்காலம் தொடங்கியது. நெற்றியில் சாம்பல் வாங்கி வந்தேன். நாற்பது நாளும் ஒருவேளைச் சோறு என்று நேர்ந்துகொண்டேன், அவருக்காக. பதினோரு மணிக்கே கை நடுங்கியது. வயிறு பேசுகிற சத்தம் எனக்கே கேட்டது.

அவரும் இன்று ஒருவேளைதான் தின்றார். நேரவுமில்லை, நோன்புமில்லை. பசிக்கவில்லையாம். "என்னட்டி, நீ வாடிப் போய் கெடக்க? நோம்புன்னா என்னைய மாதிரி இருக்கணும்" என்று சிரித்தார்.

ஆண்டவரின் தராசில் இரண்டு நோன்பும் ஒரே எடைதானா? பசியே இல்லாதவன் பட்டினிக்கு என்ன பலன்? இதைச் சாமியாரிடம் கேட்க வேண்டும். கேட்டால் பொறாமை என்பார். பொறாமை இல்லை. கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்றுதான்.

மார்ச் 6, வியாழன்

சூரை மீன் இரண்டு முழுசாகக் கிடைத்தது. ஃப்ரிட்ஜை ஒழித்துக் கழுவினேன். கதவில் இருந்ததையெல்லாம் எடுத்து மேலே ஃப்ரீசரில் வைத்தேன். பிறகு மீன் கழுவப் போனேன். பிறகு மறந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

பேனாவைக் கீழே எடுத்து வைத்தேன். உருகிவிட்டது. பார்க்கத் தண்ணீர் போல முன்னே இருந்த மாதிரிதான் இருக்கிறது.

மார்ச் 8, சனி

சர்க்கரை 110. ஒன்பதாவது ஊசி. மைனி பத்து வரை எண்ணினாள். நானும் மனதுக்குள் எண்ணினேன்.

"மொகமே தெளிஞ்சிருச்சு பாத்தியா எந் தம்பிக்கு" என்றாள்.

"ஆமா மைனி."

மார்ச் 11, செவ்வாய்

கெபியில் கூட்டம் இல்லை. முட்டி போட்டுக் கேட்டேன். அந்தோனியாரே, பத்தொன்பது வருடம் நான் கேட்டதை நீர் கேட்டீரா, கேட்கவில்லையா, எனக்குத் தெரிய வேண்டும். அவரை விட வைத்தது நீர் என்றால் ஊசி இல்லாமலும் அவர் குடிக்கப் போவதில்லை. அப்போது முதல் கரண்டி யாருடையது என்று தெரிந்துவிடும்.

ஊசி இல்லாமல் என்று ஏன் எழுதினேன்? ஊசி போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டாம் தடவை சோறு கேட்டார்! நெத்திலி அவியலுக்கு. தட்டை நீட்டிக்கொண்டு, "கொஞ்சம் போடுட்டி" என்றார். ஜனவரிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கரண்டி என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. நான் ஒருவேளைக்காரி, எனக்கு மதியமே முடிந்துவிட்டது. ஆனாலும் வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

சர்க்கரை 128.

மார்ச் 20, வியாழன்

தெருமுனையிலிருந்து சத்தம் வந்தது. "ஏட்டி, இன்னைக்கு என்ன கொழம்பு?" எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

வந்து மூன்று சட்டியையும் திறந்தார். கணவாய் வறுவலில் ஒரு துண்டைக் கையாலேயே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சூடு தாங்காமல் குதித்தார். ஐம்பத்தாறு வயது ஆள்.

குடிக்காத நாள்: 46. அந்தோனியாரே, பார்த்துக்கொண்டு வருகிறேன்.

மார்ச் 22, சனி

சர்க்கரை 149. எடை ஒன்றே கால் கிலோ கூடியிருக்கிறது. மைனி வந்ததும் வழக்கம் போல நோட்டைக் கேட்டாள். அவள் செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் அடுப்படியில் நின்று 149-ஐ எழுதாமல் 119 என்று எழுதினேன். முப்பது வித்தியாசம். எழுத ஒரு நொடிதான் ஆனது.

"இந்த நோட்ட எங்க ஆஸ்பத்திரியில சட்டம் போட்டு மாட்டலாம். எந்த நர்சும் இப்படி எழுத மாட்டா மெற்றில்டா" என்றாள் மைனி. இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பாராட்டு. அது இந்தப் பக்கத்துக்கா வர வேண்டும்?

ஊசி பதினொன்று.

மார்ச் 23, ஞாயிறு

சோறு தின்றுவிட்டு என் மடியில் தலை வைத்துத் தூங்கினார். இரண்டரை மாதத்துக்குப் பிறகு. கால் மரத்துப் போயும் நான் அசையவில்லை.

மார்ச் 26, புதன்

இரண்டு மணிக்கு டூட்டி முடியும். துறைமுகத்தில் வருகிற போகிற கண்டெய்னர்களின் எண்ணைக் குறித்துக்கொள்கிற வேலை அவருக்கு. கேட்டிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிடம். இன்று வந்தது மூன்று மணிக்கு. நேற்றும் அப்படித்தான், முந்தாநாளும். பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். வியர்வை நாற்றம்தான்.

"எந்த வழியா வந்தீங்க?"

"பீச் ரோட்டு வழியா."

"அது சுத்துல்லா?"

"காத்து வாங்கிட்டு வந்தேன். அதுக்கும் உங்கிட்ட எழுதிக் குடுக்கணுமா?" கத்திவிட்டு, உடனே, "சரி விடு, பசில வந்த கோவம்" என்றார்.

உச்சி வெயிலில் பீச் ரோட்டில் என்ன காற்று? நேர் வழியில் கேட்டுக்கு எதிரே கடை இருக்கிறது. அந்தக் கடையைத் தாண்டாமல் வர அந்த ஒரு சுற்று வழிதான் உண்டு.

கை விரல்களைப் பின்னிப் பின்னிப் பிரிக்கிறார். குடித்த காலத்தில் சாயங்காலமானால் இப்படிச் செய்வார்.

மார்ச் 28, வெள்ளி

சிலுவைப் பாதை முடிந்து, சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். அடுப்பில் பால் வைத்து வந்தது ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓடி வந்தேன்.

அடுப்பில் பால் இல்லை.

மார்ச் 29, சனி

சர்க்கரை 176. நோட்டில் 121. இந்தப் பேனா இன்றோடு தீர்ந்தது. அப்பாடா என்று இருந்தது. அடுத்த வாரம் மைனி புதுசு கொண்டு வருவாள், யாருக்கும் எதுவும் தெரியாமல் எல்லாம் முன்போலப் போய்விடும். ஐந்து நாள் பொறுத்தால் போதும் என்று நினைத்தேன். ஏழு நாள் என்பது பிறகுதான் உறைத்தது. எனக்கே எண்ணிக்கை தப்புகிறது.

ஏப்ரல் 2, புதன்

நாலரைக்கு வந்தார். குடித்திருந்தார்.

சத்தம் போடவில்லை. செருப்பை ஒழுங்காகச் சுவரோரம் வைத்தார். மூன்று தட்டு சோறு தின்றார். நான்தான் போட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஐம்பத்தெட்டு நாளுட்டி. எல்லாத்தையும் ஒரு மணி நேரத்துல தொலைச்சிட்டேன்."

"விடுங்க. மறுபடியும் ஒண்ணுலேருந்து எண்ணுவோம்."

"என்னத்த எண்ண? ஊசி போட்டும் குடிச்சவன் இந்தத் தூத்துக்குடியில நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். எலிக்குக்கூட கேட்டுதுன்னு நீதான வாசிச்சுச் சொன்ன? எலிக்குக் கேட்டது எனக்குக் கேக்கல. அப்போ கோளாறு மருந்துல இல்ல. எங்கிட்டதான்."

"அப்படிச் சொல்லாதீங்க."

"இனி ஊசி வேண்டாம். அக்காட்ட நீயே சொல்லிரு. சுகர் மாத்திரையும் வேண்டாம். உவரிக்கும் வேண்டாம், நூறு பேர் வந்து எம் மூஞ்சியப் பாக்கவா? வாரது வரட்டும். எப்படியும் போறவன்தான், தின்னுட்டுக் குடிச்சிட்டுப் போறேன்."

குடிகாரன் பேச்சை எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இது அந்தப் பேச்சு இல்லை. தெளிந்த மூளையோடு சொல்கிறார்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறந்தேன் என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். மறக்கவில்லை. அன்று மாலை மூன்று தடவை ஃப்ரீசரைத் திறந்து உறைந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன்.

ஏப்ரல் 5, சனி

மைனி புதுப் பேனாவோடு வந்தாள். அவர் கட்டிலை விட்டு எழவில்லை.

"சட்டையத் தூக்குல."

"வேண்டாம்க்கா. புதங்கிழம குடிச்சிட்டேன். எனக்கு இது கேக்கல."

மைனி கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஊசி போட்டுமா குடிச்ச?" என்றாள். அவள் முகம் விழுந்ததைப் பார்த்தேன். இந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாக ஆசைப்பட்டிருக்கிறேன். பார்க்கச் சகிக்கவில்லை.

"அது ஊசியே இல்ல" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"செத்த மருந்து. ஃப்ரீசர்ல வச்சு உறைய வச்சு எடுத்தது. நான்தான் வச்சேன். நாலு வாரமும் அதத்தான் போட்டீங்க மைனி."

"தெரியாம வச்சிட்டியா?"

"தெரிஞ்சுதான்."

"அப்போ சுகரு? நோட்டுல நூத்திப் பத்தொம்பது, நூத்தி இருபத்தொண்ணுன்னு..."

"பொய். நூத்தி எழுபத்தாறு."

மைனி எழுந்தாள். "ஒரு நோயாளி மருந்தக் கெடுத்திருக்க. கணக்க மாத்தி எழுதியிருக்க. கண்ணு போயிருந்தா? காலு போயிருந்தா? எந் தம்பி உனக்கு என்னட்டி செஞ்சான்?"

"முதக் கரண்டிய உங்களுக்குக் குடுத்தாரு!"

வாயிலிருந்து வந்தே விட்டது. நிறுத்தவும் முடியவில்லை. "பத்தொம்பது வருசம் பட்டினி கெடந்து நடந்தது நான். எட்டு ஊசி போட்டது நீங்க. கை தட்டினது உங்களுக்கு. சோறு வேண்டாம், கொழம்பு வேண்டாம், நானும் வேண்டாம்னு இவரு பேப்பர் படிச்சிட்டு இருந்தாரு. நேர்ந்தது கேட்டுதா, ஊசி கேட்டுதான்னு எனக்குத் தெரியணும்னு இருந்துச்சு."

"ஒரு கரண்டிக்கா?" என்றாள் மைனி. "ஏ பாவி, கரண்டி வேணும்னா வாயத் திறந்து கேட்டுத் தொலைய வேண்டியதுதான? ஒரு அண்டாவையே தூக்கிக் குடுத்திருப்பேனே!"

அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். "எப்பலேருந்து?" என்றார்.

"மார்ச் எட்டுலேருந்து போட்டதெல்லாம்."

விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "அப்போ எட்டுலேருந்து ஒண்ணாந்தேதி வர... இருபத்தஞ்சு நாளு நான் மருந்தே இல்லாம..."

அப்படியே விட்டிருக்கலாம். அவர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. ஆனால் இந்த வீட்டில் இனி ஒரு எண்ணும் தப்பாக இருக்கக் கூடாது.

"இருபத்தஞ்சு இல்ல" என்றேன். "கடைசியா போட்ட நல்ல ஊசி ஒண்ணாந்தேதி. வாரத்துக்குப் பாதியாத்தான் குறையும். ரெண்டு மூணு வாரம் அது உடம்புல இருந்து உங்களத் தாங்கியிருக்கும். இருபத்திரண்டாந்தேதிக்கு எட்டுல ஒரு பங்குதான் மிச்சம். அன்னைலேருந்து பதினோரு நாள் குடிக்கல. அது ஏறக்கொறைய முழுசா உங்களோடது. அதுல மைனியும் இல்ல, நானும் இல்ல."

"பதினோரு நாளு" என்றார். "அப்பதான் பீச் ரோட்டச் சுத்தி வந்தேன். வெயில்ல ரெண்டு கிலோமீட்டர் கூட. கேட்டத் தாண்டுனா காலு தானா அந்தப் பக்கம் போவுது, அதுக்குத்தான்."

"தெரியும்."

"தெரியுமா?" என்றார். "தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

 

மைனி வெளியே போய் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தாள். மாத்திரையை விடவே கூடாதாம். ஊசி இத்தனை வாரம் விட்டுப் போனதால் பழைய அளவில் தொடங்கக் கூடாது, சின்ன அளவிலிருந்துதான் ஏற வேண்டுமாம். "பழையபடி பிடிக்க ஒரு மாசத்துக்கு மேல ஆவும். அதுவரைக்கும் நீ வெறுங்கையோடதான் நிக்க" என்றாள் அவரிடம்.

அவர் சட்டையைத் தூக்கினார். மைனி பத்து வரை எண்ணினாள்.

"பேனா உங்கிட்டயே இருக்கட்டும்க்கா" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். மைனி அதைக் கைக்குட்டையில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பேசவில்லை. சோறு தின்றார். சர்க்கரை 171. நோட்டிலும் 171. பொய் எண்களை ஒவ்வொன்றாக அடித்து, உண்மை எண்ணை மேலே சிவப்பில் எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன்.

பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஆண்டவரைச் சோதித்துப் பார்த்ததைச் சொன்னேன். சாமியார், "உங்க வேண்டுதலக் கேக்கறதுக்கு அவரு ஒரு நர்சை அனுப்பக் கூடாதாம்மா?" என்று கேட்டார்.

அனுப்பலாம். வேறு நர்சே கிடைக்கவில்லையா?

ஏப்ரல் 7, திங்கள்

பேசவில்லை. மூன்று மணிக்கு வந்தார். முதுகு நனைந்திருந்தது. பீச் ரோடு.

ஏப்ரல் 8, செவ்வாய்

கெபிக்குப் போனேன். ஒன்றும் கேட்கவில்லை.

அவர் மூன்றரைக்குத்தான் வந்தார். கட்டிலில் சாய்ந்துகொண்டு, சுவரிடம் சொல்வது போல, "இன்னைக்கு பீச் ரோட்டுல பாதி வந்துட்டு, திரும்பி கடை வர போயிட்டேன். வாசல்ல நின்னேன். வந்துட்டேன். நாளைக்கு வருவேனான்னு தெரியல" என்றார். மூன்று நாளுக்குப் பிறகு என் காதில் விழுந்த முதல் பேச்சு அதுதான்.

ஏப்ரல் 9, புதன்

சமையலைப் பன்னிரண்டுக்கே முடித்தேன். குடையை எடுத்துக்கொண்டு, வயர் கூடையும் எடுத்துக்கொண்டு, இரண்டு மணிக்குத் துறைமுகக் கேட்டுக்குப் போனேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் கேட்டுக்கு நான் போனதே இல்லை. எதிரே கடையில் கூட்டம்.

பூவரச மரத்து நிழலில் ஏற்கெனவே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தது. பிரகாசி மைனி. கையில் தண்ணீர் பாட்டில்.

"நீ எங்க இங்க?" என்றாள்.

"நீங்க எங்க இங்க?"

"எந் தம்பியக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"நான் எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

மரத்துக்கு நிழல் ஒரு பக்கம்தான். அதில் அவள் நின்றாள். நான் குடையை விரித்து வெயிலில் நின்றேன். சற்று நேரம் கழித்து, "உள்ள வந்து நில்லேன், மயக்கம் கியக்கம் போட்டு விழுந்தா அதுக்கும் நான்தான் நர்சு பாக்கணும்" என்றாள். போய் நின்றேன். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை.

இரண்டேகாலுக்கு அவர் கேட்டை விட்டு வெளியே வந்தார். முதலில் கண் கடைப் பக்கம்தான் போனது. பிறகு எங்களைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன இது, வாரண்டோட வந்த மாதிரி ரெண்டு பேரும்?"

"நடல" என்றாள் மைனி.

"நடங்க" என்றேன் நான்.

"இனிமே ஓடக்கூட வழி இல்லையா எனக்கு?" என்று சிரித்தார். வாய் சிரித்தது, கை விரல்கள் பின்னிக்கொண்டுதான் இருந்தன.

பீச் ரோட்டுப் பக்கம் திரும்பப் போனவரை மைனி தோளைப் பிடித்து நேர் வழிக்குத் திருப்பினாள். "வெயில்ல எதுக்குச் சுத்துத? மூணு பேரு போனா அந்தக் கடை என்ன கடிச்சா வைக்கும்?" அவரை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் நடந்தோம். கடைக்கு நேரே வந்தபோது அவர் நடை தளர்ந்தது. அவர் என் கூடையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டார். கூடையில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் பெரிய பாரத்தைத் தூக்குகிறவர் போலப் பிடித்தார். தாண்டிவிட்டோம்.

தாண்டியதும் அவருக்குத் தண்ணீர் தவித்தது. மைனி பாட்டிலை நீட்டினாள். முழுப் பாட்டிலையும் குடித்துவிட்டு, "நல்ல வேளைக்கா, நீ கொண்டாந்த" என்றார்.

நான் தண்ணீர் கொண்டு போகவில்லை. தோன்றவேயில்லை.

குடிக்காத நாள்: 7. நாளைக்கு மோர் கரைத்துக்கொண்டு போக வேண்டும். இஞ்சி போட்டு. ஒன்றரைக்கே போய் நின்றுவிட வேண்டும்.